பூங்காவனம் வரிசை

பூங்காவனம் வீடு இதுதானே அண்ணா? நீங்க இறங்க வேண்டாம், கூரை மேலேயே இருங்க. கதவு சாத்தியிருக்கிறதே என்றுதான் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கா? யாருக்காவது துணைக்குப் போயிருப்பாள். தெருவில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாகக் கூடப் போய் உட்கார்ந்துகொள்ளுவாள், அப்படி ஒரு குணம். வரட்டும். காத்திருக்கிறேன்.

நான் நஞ்சப்பன். மாந்தோப்பைத் தாண்டி, ரோட்டிலிருந்து பார்த்தால் ஏரித் தண்ணீர் மாதிரி மின்னுமே, அந்த சோலார் கம்பெனியில் மேஸ்திரி. இப்போது மின்னுவதில்லை, அது வேறு விஷயம். பூங்காவனம் என்னிடம் வேலை செய்தவள். செய்தவள் என்றா சொன்னேன்? செய்கிறவள் என்றே வைத்துக்கொள்ளுங்க. அதைப் பேசத்தான் வந்தேன்.

உங்களுக்குக் கூட ஆள் இல்லையா அண்ணா? ஒற்றை ஆளாகத் தகரம் போடக் கூடாதே. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் அடிக்கணும். இது யாருக்கும் தெரியும். ஆமாம், ஊரே ஒரே நாளில் கூரையைப் பறிகொடுத்தால் ஆள் எங்கே கிடைக்கும்? ஆலங்கட்டிக் கல் விழுந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் இன்னும் பாதி வீட்டில் தார்ப்பாய்தான். கொடுங்க, அந்த ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இந்த முனையை நான் பிடிக்கிறேன். சும்மா நிற்பதற்கு இது தேவலை. இப்போதெல்லாம் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தால் காலில் எறும்பு ஏறுகிற மாதிரி இருக்கிறது. எறும்பு என்றதும்தான், அது ஒரு கதை, வருகிறேன்.

பழைய சிமெண்டு ஷீட் ஒன்றுகூட மிஞ்சவில்லையா? அடடா. எங்கள் தெருவிலும் இப்படித்தான். எதிர்வீட்டுக்காரர் புதிதாக வாங்கின கார், முன் கண்ணாடி போச்சு. மாடியில் வைத்திருந்த தண்ணீர் டேங்க்கெல்லாம் விரிசல். பெங்களூரா ரக மாங்காய் அப்படியே மரத்தடியில் பாய் விரித்த மாதிரி. மரத்தில் மிஞ்சினதும் கறுப்புப் புள்ளி, ஜூஸ் கம்பெனிக்காரன் கையால் தொட மாட்டேன் என்கிறான். எல்லோருக்கும் போச்சு அண்ணா. எல்லோருக்கும் போகும்போது தனியாக ஒருத்தர் மேல் குறை சொல்ல முடியுமா? முடியாது இல்ல?

எனக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டும். நாளைக்குக் காலையில் பெங்களூரிலிருந்து பெரிய சார் வருகிறார். அவர் முன்னால் நின்று, 'மேஸ்திரி சொல்லித்தான் அந்த வரிசையை அப்படியே விட்டேன்' என்று பூங்காவனம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுகிறேன் என்று சொல்லத்தான் நானே நேரில் வந்திருக்கிறேன், ஆள்கூட அனுப்பவில்லை பாருங்க. சொல்லாவிட்டால் என் நிலைமை என்ன என்று கேட்கிறீங்களா? அதை நினைக்கவே கூடாது என்று இருக்கிறேன்.

வரிசை என்றால் என்ன என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். வெயில் இருக்கிறது பாருங்க, அது வருஷம் பூராவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மார்கழி, தையில் தெற்கே சாய்ந்து போகும். அதனால் பேனலையும் தெற்குப் பார்த்து, முறத்தைச் சாய்த்துப் பிடிக்கிற மாதிரி நிமிர்த்தி வைப்போம். பங்குனி பிறந்தால் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். அப்போது எல்லாவற்றையும் கட்டில் மாதிரிப் படுக்கப் போட்டுவிடணும். இதற்கு மிஷின் வைத்திருக்கிற கம்பெனியும் இருக்கிறதாம். எங்களுக்குக் கைதான். ஒரு சட்டத்தில் பேனலாக அடுக்கியிருக்கும். மூன்று பேர் தோள் கொடுத்துத் தாங்கணும், ஒருத்தர் அடியில் புகுந்து போல்ட்டைக் கழற்றி அடுத்த ஓட்டையில் மாட்டணும். நாலு பேர் இல்லாமல் ஆகவே ஆகாது. தாங்குகிறதில் ஒருத்தர் நழுவவிட்டாலும் அடியில் இருக்கிறவர் தலை போய்விடும்.

நாலு நாலு பேராகப் பிரித்து, ஆளுக்கு இத்தனை வரிசை என்று விட்டிருப்பேன். வடகோடியில் இலந்தைப் புதர் ஓரம் இருக்கிற மூன்று வரிசை பூங்காவனம் கூட்டத்துக்கு. அதனால் அதற்குப் பேரே பூங்காவனம் வரிசை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது காணோம் என்றால், 'பூங்காவனம் வரிசைக்கு அடியில பாரு, தூங்கினு இருப்பான்' என்பார்கள். அங்கே நிழல் கொஞ்சம் அதிகம்.

இந்தப் பங்குனியிலும் எல்லா வரிசையும் படுத்தாச்சு. அந்த மூன்று மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

ஏன் என்றால், கேளுங்க, அந்த வாரம்தான் என் பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்தேன். ஒரே பொண்ணு. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் கூட இருக்கிற ஆட்களைத்தானே கூப்பிட முடியும்? பந்தல் கால் நட, பாத்திரம் ஏற்றி இறக்க என்று பூங்காவனம் கூட்டத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த நாளையும் சேர்த்தால் நாலு. எந்த மேஸ்திரி இதைச் செய்யாதவன், சொல்லுங்க? நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பூங்காவனமே விசேஷத்துக்கு வந்திருந்தாள். வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிப் பந்தி வரைக்கும் இலை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான். 'பொண்ணு அம்மன் செல மாரி இருக்குது மேஸ்திரி, மறக்காம சுத்திப் போடுங்க' என்றாள். கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்று, 'மேஸ்திரி, அந்த மூணு வரிசை...' என்று ஏதோ ஆரம்பித்தாள். பந்தலில் வைத்தா அதைப் பேசுவது? மாமன் முறைக்காரங்க எல்லாம் நிற்கிறாங்க. 'அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். நீ சாப்ட்டியா?' என்றேன். 'சாப்ட்டேன்' என்றாள். போய்விட்டாள்.

பிறகு எங்கே பார்க்க முடிந்தது? ஹரிஷ் சார்தான் முந்திக்கொண்டார். ஹரிஷ் சார் எங்கள் இன்ஜினியர், கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு செல்போனிலேயே எந்த வரிசையில் எவ்வளவு கரண்டு வருகிறது என்று பார்த்துவிடுவார். போனில் என்னைப் பிடித்துக் கத்தினார். 'வடக்கு மூணு ரோவும் என்ன பண்ணுது? கேட்டா எல்லாம் முடிஞ்சுதுங்கறீங்க, என்ன ஏமாத்துறீங்களா?' என்று. என் வயசுக்கு அவர் பேச்சு வாங்கணுமா? வாங்கினேன். வாங்கிக்கொண்டு நேரே பூங்காவனத்திடம் போனேன்.

எல்லோரும் இருந்தார்கள். 'ஏம்மா, ஊரெல்லாம் படுத்தாச்சு, உன் வரிசை மட்டும் யாருக்குக் காத்துக்கினு நிக்குது? மாப்பிள்ளை வர்றானா?' என்றேன். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. 'ஆளு இல்ல மேஸ்திரி' என்றாள். 'ஆளு இல்லன்னா வாயும் இல்லையா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன?' என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு ஒருத்தி நின்றால் நான் என்ன நினைப்பேன்? தப்பு தன் மேல் என்று தெரிந்துதானே நிற்கிறாள்? 'நாளையிலேருந்து நீ வர வேணாம்' என்றேன். திம்மக்கா என்று ஒரு வயசான அம்மா, அவள்கூட, 'ஒரு தபா உடுங்க மேஸ்திரி' என்று சொன்னாள். ஒரு தபா விட்டால் எல்லோரும் பழகிக்கொள்ளுவாங்க. கண்டிப்பு இல்லாமல் ஐம்பது பேரை மேய்க்க முடியாது. பூங்காவனம் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இலந்தைப் புதர் வழியாகவே நடந்து போனாள். அந்தத் தூக்கில் சாப்பாடு அப்படியே இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நடக்கும்போது சத்தமே வரவில்லை. காலித் தூக்கு என்றால் உள்ளே கிண்ணம் கடகடவென்று ஆடும். பாருங்க, எதெல்லாம் மனசில் நிற்கிறது.

இன்னும் கொஞ்சம் மேலே தூக்கட்டுமா? இப்போ சரியா? அடிங்க.

அந்த மூன்று வரிசையை அப்புறமாவது படுக்கப் போட்டிருக்கலாம். போட்டிருக்கணும். ஆள் ஒன்று குறைந்துபோச்சே, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. அந்த வாரமே கல் விழுந்துவிட்டது.

சாயங்காலம் டீ வருகிற நேரம். வடக்கே மேகம் ஒரு மாதிரி பச்சையாக இருந்தது. முதலில் புளியங்கொட்டை அளவில் விழுந்தது. எங்கள் ஆட்கள் ஓடி ஓடிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்கள், திம்மக்கா மடியில் கட்டிக்கொண்டாள். அப்புறம் சின்ன வெங்காயம் அளவு. அப்புறம் பெரிய வெங்காயம். அப்போதுதான் சிரிப்பை விட்டுவிட்டு எல்லோரும் கண்ட்ரோல் ரூமுக்குள் ஓடினோம். கான்கிரீட் கூரை. கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணாடி உடைந்தால் சலங்கை மாதிரிக் கொட்டும் என்று நினைப்போம் இல்லையா? கொட்டவில்லை. இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக வெளுத்தது. மாட்டுக் கண்ணில் பூ விழுமே, அப்படி. நீலமாக இருந்தது பூராவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருடாகிப் போனது. நாங்கள்தானே ஒவ்வொன்றாகத் தோள் கொடுத்துப் படுக்கப் போட்டோம். கல்லுக்கு முகத்தைக் காட்டிப் படுக்க வைத்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஒரு பொண்ணு அழுதாள். கம்பெனி சொத்துதான், அவள் சொத்தா? ஆனாலும் அழுதாள்.

விட்டதும் வெளியே வந்து பார்க்கிறோம், எல்லாம் வெள்ளை. வடகோடியில் அந்த மூன்று வரிசை மட்டும் நீலமாக நின்றுகொண்டிருக்கிறது. கல் வடக்கேயிருந்து சாய்ந்து வந்திருக்கிறது. அந்த மூன்றும் தெற்குப் பார்த்து நின்றதால் கல்லை முதுகில் வாங்கி வழுக்கிவிட்டிருக்கிறது. ஓரத்தில் ஒன்றிரண்டு போனதோடு சரி.

மறுநாள் ஹரிஷ் சார் வந்தார். பாவம், சின்ன வயசு, முகம் செத்துப் போயிருந்தது. நடந்துகொண்டே வந்தவர் அந்த மூன்று வரிசைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். 'நஞ்சப்பன், இது எப்படி?' என்றார்.

நான் வேண்டுமென்று சொல்லவில்லை அண்ணா. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வெள்ளைக்கு நடுவில் ஏதோ ஒரு நல்ல சேதி வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். 'நான்தான் சார் விட்டு வெச்சேன்' என்று வாய் சொல்லிவிட்டது. 'தும்பி தாழப் பறந்துச்சு சார். மாமரத்துல எறும்பு முட்டையத் தூக்கினு மேல ஏறிச்சு. இந்த வருஷம் கல்லு விழும்னு எனக்குப் பட்டுச்சு. எல்லாத்தையும் நிறுத்தி வெச்சா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, அதான் மூணு மட்டும்.' எறும்பு ஏறினால் சாதாரண மழைக்குத்தான் ஏறும், அதுவும் ஏறிச்சா என்று நான் பார்க்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? என் கையைப் பிடித்துக்கொண்டார். 'ஸாரி நஞ்சப்பன், அன்னிக்கு ஃபோன்ல கத்திட்டேன். நீங்க சொல்லியிருக்கலாமே' என்றார். கண்ணில் தண்ணீர். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் மன்னிப்புக் கேட்கும்போது எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்க.

அதோடு போனதா? மறுபடியும் அதே எறும்பை என்னைச் சொல்லச் சொல்லி செல்போனில் வீடியோ எடுத்தார். அது எங்கெங்கோ போயிருக்கிறது. தெற்கே இவங்க கம்பெனிக்கே இன்னொரு இடம் இருக்கிறது, அங்கிருந்து ஒரு மேஸ்திரி தினமும் காலையில் போன் பண்ணுகிறார். 'நஞ்சப்பண்ணே, இன்னைக்கு எறும்பு எப்படி?' கிண்டல் இல்லை அண்ணா, நிஜமாகக் கேட்கிறார். அவருக்கும் ஆயிரக்கணக்கில் பேனல் இருக்கிறது. நான் பல் தேய்த்த கையோடு போய் மாமரத்தைப் பார்க்கிறேன். எறும்பு மேலேயும் போகிறது, கீழேயும் போகிறது. 'இன்னைக்கு ஒண்ணும் பயமில்லை' என்கிறேன். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஊரில் கல் விழுந்தால் என்ன பதில் சொல்வேன்? சாப்பாடு இறங்குகிறதில்லை. வீட்டில் கேட்கிறாள், 'உனக்குத்தான் பேரு வந்துச்சே, அப்புறம் என்னாத்துக்கு இப்படி இருக்கிற?' என்று. என் பொண்ணு அந்த வீடியோவை அவள் சிநேகிதிகளுக்கெல்லாம் காட்டிவிட்டாள்.

பெரிய சாரும் பார்த்திருக்கிறார். அதற்குத்தான் நாளைக்கு வருகிறார். என்னை எல்லா ஊருக்கும் அனுப்பி, அங்கே இருக்கிற மேஸ்திரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லப் போகிறாராம். எதைச் சொல்லிக்கொடுப்பேன்?

முந்தாநாள் ஹரிஷ் சார் திரும்ப வந்து ஆட்களையெல்லாம் நிறுத்தி, நாளைக்கு யார் யார் முன்னால் நிற்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போது, இந்தத் திம்மக்கா, கேட்டாங்களா அவளை, நடுவில் புகுந்து, 'அது பூங்காவனம் வரிசை சார்' என்றாள். 'ஆமா சார், நான் சொல்லித்தான் அந்தம்மா விட்டுது' என்றேன். 'அப்போ அவங்களும் வரட்டும் நஞ்சப்பன், அவங்களுக்கும் மரியாதை பண்ணணும்' என்றார். திம்மக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொன்னால் நம்புங்க, அந்தப் பார்வைக்குக் கல் மழையே தேவலை.

அதான் வந்தேன். நாளைக்கு அவள் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. வேலையும் திரும்பக் கிடைக்கும். கூட்டத்துக்கு இனி நாலு பேரும் சரியாக இருக்கும்படி நானே பார்த்துக்கொள்ளுகிறேன். இவ்வளவு செய்கிறேன். இதில் தப்பு இருக்கிறதா அண்ணா?

என்ன சொன்னீங்க? யாருக்கு மாவுக்கட்டு?

இருங்க, அடிக்காதீங்க. காதில் விழவில்லை. துணைக்குப் போனாள் என்றுதானே நான்... பூங்காவனத்துக்கா? ஷீட் உடைந்து விழும்போது தலையில் விழாமல் கையைத் தூக்கினாளா. எந்தக் கை? வலது கையா.

எனக்கு யாரும் சொல்லவில்லையே. திம்மக்காவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் அப்படிப் பார்த்தாளா? ஆனால் கல் விழுந்தது சாயங்காலம் டீ நேரமாயிற்றே, அந்த நேரத்தில் பூங்காவனம் ஏன் வீட்டில்...

ஆமாம். நான்தான் வர வேண்டாம் என்றேன்.

அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் கான்கிரீட் கூரைக்கு அடியில் நின்றோம்.

அதற்கு நான் என்ன செய்வேன்? மேலேயிருந்து விழுந்ததற்கு நானா பொறுப்பு? வேலைக்கு வந்திருந்தால் வழியில் விழுந்திருக்காதா? விழுந்திருக்கலாம் இல்ல? சொல்லுங்களேன்.

அப்போ அந்தக் கையால் சட்டம் தாங்க முடியாது. இந்த வருஷம் முடியாது. நான் பாட்டுக்கு வேலை தருகிறேன், வேலை தருகிறேன் என்று கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறேன். பரவாயில்லை, தண்ணீர் கொடுக்கிற வேலை இருக்கிறது. டீ வாங்கி வருகிற வேலை இருக்கிறது. குடத்தை இடது கையால் தூக்கலாம். தூக்கலாம் இல்ல?

அதோ வருகிறாள். கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள் பாருங்க. அண்ணா, நான் உங்களிடம் சொன்னதெல்லாம் உங்களோடு இருக்கட்டும். கும்பிடக் கையை எடுக்க முடியவில்லை, தகரம் சரிந்துவிடும். வாயால்தான் கேட்கிறேன்.

வாம்மா பூங்காவனம். இருக்கட்டும், இருக்கட்டும், நீ கிட்ட வராதே, கையில இடிச்சுக்கப் போற. நான் புடிச்சிருக்கேன்.

கூரை போடவா வந்தேன்னு கேக்கிறியா? அது... ஆமாம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அண்ணா ஒத்தையா கஷ்டப்பட்டாரு.

ஏம்மா, யாரைக் கூப்பிடுற? வேணாம், சத்தம் போடாதே. 'எங்க மேஸ்திரியே வந்து எம் ஊட்டுக் கூரையப் புடிக்கிறாரு, வந்து பாருங்க'ன்னு தெரு பூராவுக்கும் சொல்லணுமா? இதுல என்ன இருக்குது. நீ சொல்லிக்கினேதான் இருந்தியா? என்னா சொல்லிக்கினு இருந்த? கோவத்துல சொன்னாரு, மனசுல ஒண்ணும் இல்லாத மனுஷன்னா? யார்கிட்ட சொன்ன? எல்லார்கிட்டயுமா.

பொண்ணு நல்லா இருக்குது. பள்ளிக்கூடம் போவுது. உன்னக் கேட்டுது. கேட்டுதும்மா.

நாளைக்கா? ஆமா, பெரிய சார் வர்றாரு. உனக்கு எப்படித் தெரியும்? ஹரிஷ் சார் ஆளனுப்பினாரா, நேத்தேவா? நீ என்ன சொன்ன?

வரலைன்னுட்டியா! ஏம்மா? கையத் தொங்கப் போட்டுக்கினு பெரிய மனுஷங்க நடுவுல நிக்க ஒரு மாரியா இருக்குதா. என்னா சொல்லி அனுப்பின? இன்னொரு தபா சொல்லு. 'நடந்தது பூரா எங்க மேஸ்திரிக்குத் தெரியும், ஒண்ணுவிடாம அவரே சொல்லுவாரு' அப்படின்னா?

சரிம்மா. நீ போய் உக்காரு. டீ எல்லாம் வேணாம், ஒத்தக் கையோட நீ அடுப்புகிட்டப் போவாதே.

கேட்டீங்களா அண்ணா? அவள் வரவே போவதில்லை. நான் வந்த வேலை முடிந்துவிட்டது. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவேயில்லை, அதுவாக வந்து கையில் விழுந்துவிட்டது. இப்போது நான் இறங்கிப் போய்விடலாம். ஆனால் கையை எடுத்தால் தகரம் சரிந்துவிடும். இந்த ஸ்டூல் வேறு ஒரு பக்கம் ஆடுகிறது. கீழே ஏதாவது மரச்சக்கை வைக்கணும்.

என்னம்மா? இப்போவா?

எதுக்கும்மா அதெல்லாம். நாளைக்கு சார்கிட்ட என்ன சொல்லப் போறேன்னு இங்க ஒரு தபா சொல்லிக் காட்டணுமா? உம் பேரு எந்த எடத்துல வருதுன்னு கேக்கணுமா? எதிர்வீட்டு அம்மாவும் கேக்கணுமா. சரி, உக்காருங்க. நான் இங்கேருந்தே சொல்றேன். கை எடுக்க முடியாது.

'சார், வணக்கம். இந்த மூணு வரிசையும் பூங்காவனம் வரிசை.' ஆமாம்மா, எடுத்த எடுப்புலயே உம் பேருதான். சிரிக்காத, கேளு. 'பங்குனியில எல்லா வரிசையையும் படுக்கப் போட்டோம் சார். இத மட்டும் போடல. ஏன்னா, ஒரு சட்டத்தத் திருப்ப நாலு பேரு வேணும் சார். ஒரு ஆளு கொறஞ்சாலும் அடியில இருக்கறவங்க உசுருக்கு ஆபத்து. அன்னிக்குப் பூங்காவனத்தையும் சேத்து ரெண்டு பேருதான் இருந்தாங்க. மீதி ரெண்டு பேரு...'

மீதி ரெண்டு பேரு...

என்னம்மா கேட்ட? சார் கேட்டா என்ன சொல்லுவேன்னா?

கேக்க மாட்டாரும்மா. அவ்ளோ பெரிய சார், அந்த ரெண்டு பேரும் எங்க போனாங்கன்னு கேட்டுக்கினா இருப்பாரு? ஏண்ணா அடிக்கிறத நிறுத்திட்டீங்க, அடிங்க. அவங்க இதெல்லாம் கேக்கறதே இல்லம்மா. நீ வேற. கேக்க மாட்டாரு.